தையல் மெஷின் போதும், மண்டப வாடகைக்குத் தாருங்கள்: லண்டன் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

லண்டனில் உள்ள கோயில் அறங்காவலர்களுக்கும், பழைய மாணவர் சங்கத்தாருக்கும், ஊர் ஒன்றியங்களுக்கும், கடை வைத்து வியாபாரம் செய்யும் அண்ணன்மார் அக்காமாருக்கும் வணக்கம்.

வடமேற்கு லண்டனில் பெண்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய சமூக நல நிறுவனத்தில் கணக்குப் பார்ப்பவள் நான். கொரோனா முடக்க நேரத்தில், தனியாக இருந்த வயதானவர்களுக்குச் சோறு கறி சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்த ஏழெட்டுப் பெண்கள், முடக்கம் தீர்ந்த பிறகும் பிரிய மனமில்லாமல் பதிவுசெய்த நிறுவனம் இது. இப்போது வாரத்தில் இரண்டு நாள் காலையில் ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். அங்கே தையல் வகுப்பு, ஆங்கிலம் பேசிப் பழகும் வகுப்பு, வயதான அம்மாக்களுக்கு ஒரு நேரச் சாப்பாடு எல்லாம் நடக்கின்றன. வருகிறவர்களில் பாதிப் பேர் நம் ஆட்கள். மற்றவர்கள் குஜராத்தி, சோமாலி, ஆப்கான் பெண்கள்.

இந்த மடலை எழுதக் காரணம் ஒரு சின்னச் சம்பவம். போன மாதம் உங்களில் ஒருவரிடம் உதவி கேட்டுப் போயிருந்தோம். நல்ல மனிதர், ஊருக்கு நிறையச் செய்தவர். தேநீர் தந்து, சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு கைபேசியை எடுத்து எங்கள் நிறுவனத்தின் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, நீங்கள் கம்பெனி எல்லோ நடத்துறியள்? கம்பெனிக்கு ஏன் நன்கொடை?" என்றார். இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்தவர், "ஆறாயிரத்து ஐந்நூறு பவுண்ட் கடனும் இருக்கே" என்றார். அதோடு பேச்சு முடிந்துவிட்டது.

அவரில் பிழை சொல்ல மாட்டேன். அந்தப் பக்கத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன். எங்கள் கணக்கை நம் ஆட்களுக்கு ஒருநாளும் நாங்கள் தமிழில் சொன்னதே இல்லை. ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதுவதிலேயே எங்கள் இரவுகள் போகின்றன. பக்கத்துத் தெருவில் இருக்கும் உங்களிடம் வந்து புத்தகத்தை விரித்து வைத்ததில்லை. இப்போது விரிக்கிறேன்.

முதலில் 'கம்பெனி' என்ற சொல். பிரித்தானியாவில் 2004 இல் வந்த ஒரு சட்டத்தின் கீழ், 2005 நடுப்பகுதியிலிருந்து பதிவாகி வரும் நிறுவன வகை இது. கம்யூனிட்டி இன்டரஸ்ட் கம்பெனி, அதாவது சமூக நலக் கம்பெனி; சுருக்கமாக சி.ஐ.சி. என்பார்கள். இன்று நாடு முழுவதும் 30,000 க்கும் மேல் இருக்கின்றன. பதிவு, கம்பெனிகளைப் பதியும் அரசு அலுவலகமான கம்பனிஸ் ஹவுஸில்தான், ஆனால் இந்த வகைக்கென்று மேலே தனியாக ஓர் ஒழுங்குபடுத்துநர் உண்டு. சாதாரணக் கம்பெனிக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு, சொத்துக்குப் போட்டிருக்கும் பூட்டு. நிறுவனத்தின் காசும் பொருளும் சமூகத்தின் வேலைக்கு மட்டும்தான். நாளைக்கே நாங்கள் இழுத்து மூடினாலும், கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகு, எங்கள் ஐந்து தையல் மெஷினும் வங்கியில் உள்ள மிச்சமும் இதே போலப் பூட்டு உள்ள இன்னோர் அமைப்புக்கோ தொண்டு நிறுவனத்துக்கோதான் போக வேண்டும். ஊரில் சனசமூக நிலையத்துக் கதிரை மேசையைத் தலைவர் தன் வீட்டு விறாந்தைக்குக் கொண்டுபோனால் ஊர் சும்மா விடுமா? அங்கே ஊர் செய்த காவலை இங்கே சட்டம் செய்கிறது.

பங்கு வைத்து நடக்கும் சி.ஐ.சி.களும் உண்டு. அவை இலாபத்தில் அதிகபட்சம் 35 சதவீதம் வரை பங்குதாரர்களுக்குக் கொடுக்கலாம். எங்களுடையது அந்த வகை இல்லை. எங்களிடம் பங்கே கிடையாது. நிறுவனம் நொடித்துப்போனால் ஆளுக்கு ஒரு பவுண்ட் தருகிறோம் என்று உறுப்பினர்கள் கையெழுத்திட்டிருக்கிறோம், அவ்வளவுதான். இலாபம் பிரிப்பது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. இயக்குநர்களுக்கு நியாயமான ஊதியம் கொடுக்கலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. ஆனாலும் நாங்கள் மூன்று பேரும் இதுவரை ஒரு பென்ஸும் எடுக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் கணக்கோடு சேர்த்து 'சி.ஐ.சி. 34' என்று ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். சமூகத்துக்கு என்ன செய்தீர்கள், யாரைக் கேட்டுச் செய்தீர்கள், இயக்குநருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், நிறுவனத்தின் சொத்தை யாருக்காவது குறைந்த விலைக்குக் கொடுத்தீர்களா என்று வரிசையாகக் கேட்பார்கள். அதையும் கம்பனிஸ் ஹவுஸ் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் படிக்கலாம். அண்ணா கைபேசியில் இன்னொரு தட்டுத் தட்டியிருந்தால் அது வந்திருக்கும்.

அடுத்தது அந்தக் கடன். எங்கள் கணக்காண்டு மார்ச் 31 இல் முடிகிறது. 2025 மார்ச் 31 அன்று இருந்த நிலைதான் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. வங்கியில் 9,180 பவுண்ட். தையல் மெஷின்களும் இரண்டு மடிக்கணினிகளும் தேய்மானம் போக 1,220. அதற்குக் கீழே 'கொடுக்க வேண்டியவை' என்று 6,500. அண்ணாவின் கண்ணில் பட்டது இந்த வரிதான். அதில் 6,100 பவுண்ட், அடுத்த வருடத் தையல் வகுப்புக்கென்று ஓர் அறக்கட்டளை மார்ச் மாதமே முன்கூட்டிப் போட்டுவிட்ட காசு. வகுப்பு நடக்கும்வரை அதை எங்கள் வருமானமாக எழுத முடியாது. வைகாசியில் நடக்கப்போகும் கல்யாணத்தின் சாப்பாட்டுக்குப் பங்குனியிலேயே உங்களிடம் ஒருவர் முன்பணம் தந்துவிட்டார் என்று வையுங்கள். காசு உங்கள் அலுமாரியில் இருக்கிறது, ஆனால் இன்னும் உங்களுடையது ஆகவில்லை. அதே கதைதான். மீதி 400, கணக்காளருக்கும் மண்டபத்துக்கும் அந்த நேரத்தில் கட்டாமல் நின்ற பில். நாங்கள் யாரிடமும் கைமாற்றாகக்கூட வாங்கியதில்லை.

ஆக, எங்களுக்கென்று உண்மையில் இருந்தது 3,900. அதில் மெஷினையும் மடிக்கணினியையும் கழித்தால் கையில் காசாக 2,680 பவுண்ட். ஒரு மாதத்துச் செலவு சராசரியாக 1,850 பவுண்ட் வரும். புதிதாக எதுவும் வராவிட்டால் ஒன்றரை மாதம்கூட முழுதாக ஓடாது.

மிகச் சிறிய நிறுவனங்கள் வரவு செலவுப் பக்கத்தைப் பொதுப் பதிவில் போடத் தேவையில்லை. கணக்காளர் அந்தச் சலுகையை எடுத்துக்கொண்டார், நாங்களும் தலையாட்டினோம். அது நாங்கள் விட்ட பிழை. மறைக்க ஒன்றும் இல்லாதவர்கள் மறைத்தவர்கள் போல நிற்க வேண்டி வந்துவிட்டது. இனி முழுக் கணக்கையும் போடுவது என்று மூன்று பேரும் முடிவெடுத்திருக்கிறோம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையான வரவு செலவு இதுதான்.

மொத்த வரவு 22,500 பவுண்ட். அறக்கட்டளை ஒன்றின் உதவித்தொகை 12,000, கவுன்சில் தந்தது 3,000. பெண்கள் தைத்த பைகளும், விழாக்களுக்குச் செய்துகொடுத்த பட்டிஸும் றோல்ஸும் விற்றது 3,860. வகுப்புக்கு வருகிறவர்கள் இயன்றால் போடும் இரண்டு பவுண்ட் சேர்ந்து 2,140. நன்கொடை 1,500, அதில் நம் தமிழ் அமைப்புகளிடமிருந்து வந்தது 250. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாங்கள் சரியாகக் கேட்கவில்லை என்பதற்கு இந்த எண்ணே சாட்சி.

செலவு 22,286. மண்டப வாடகை மணிக்கு 20 பவுண்ட், வாரம் ஆறு மணி நேரம், 48 வாரம்: 5,760. ஒருங்கிணைப்பாளர் ஒருத்திக்கு வாரம் 12 மணி நேரம், மணிக்கு 13 பவுண்ட் படி 8,112. ஆசிரியர்களுக்கும் தையல் கூலிக்கும் 3,600. தாய்மார் வகுப்பில் இருக்கும்போது பிள்ளைகளைப் பார்க்கிறவர்களுக்கு 1,900. இந்த 1,900 ஐ வெட்டலாமே என்று ஒரு விண்ணப்பத்தில் எங்களுக்கு ஆலோசனை சொன்னார்கள். வெட்டினால் கைக்குழந்தைக்காரி ஒருத்திகூட வகுப்புக்கு வரமாட்டாள். மீதி எல்லாம் காப்புறுதி, கணக்காளர், நூல், துணி, அரிசி, மரக்கறி, பஸ் காசு.

மிஞ்சியது 214 பவுண்ட். அதற்கும் 19 சதவீத நிறுவன வரி உண்டு, 40 பவுண்டும் சில்லறையும். தொண்டு நிறுவனமாக இருந்திருந்தால் பெரும்பாலும் இந்த வரி வந்திருக்காது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். நீங்கள் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு 20 பவுண்ட் கொடுத்தால், கிஃப்ட் எய்ட் மூலம் அரசு 5 பவுண்ட் சேர்க்கும். எங்களுக்குத் தந்தால் 20 பவுண்ட் 20 பவுண்டாகவே இருக்கும். அப்படியென்றால் ஏன் தொண்டு நிறுவனமாகவே பதிவுசெய்யவில்லை என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அன்றைக்கு எங்களுக்கு வேகமாகப் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. ஊதியம் வாங்கி வேலை செய்கிற பெண்ணும் நிர்வாகத்தில் இருந்து முடிவெடுக்க வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. 2018 முதல் ஒரு சி.ஐ.சி. தன்னை நேரடியாக சி.ஐ.ஓ. என்ற வகைத் தொண்டு அமைப்பாக மாற்றிக்கொள்ளவும் வழி திறந்திருக்கிறது. மாறுவதா என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். அவசரப்பட்டு முடிவெடுக்க விரும்பவில்லை.

வங்கியில் மிச்சம் இருப்பதால் நாங்கள் படுகிற பாடு தனி. ஒரு நிதியத்துக்கு விண்ணப்பித்தோம். உங்களிடம் 9,180 பவுண்ட் இருக்கிறதே, எங்கள் காசு எதற்கு என்றார்கள். இன்னொரு இடத்தில் முன்பணத்தையும் கட்டாத பில்லையும் கழித்துவிட்டு 2,680 என்று எழுதினோம். மூன்று மாதச் செலவுக்குக்கூடச் சேமிப்பு இல்லாத நிறுவனம் நிலைக்காது என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரே கணக்கு, ஒரே வருடம். சேமிப்பு வேண்டும் என்றால் மிஞ்ச வேண்டும். மிஞ்சினால் திருப்பிக் கேட்கிறார்கள், ஏனென்றால் வருகிற காசு ஒவ்வொன்றும் இன்ன வேலைக்கென்று பெயர் எழுதித்தான் வருகிறது. பெயர் எழுதாத காசு வருடத்துக்கு 1,500 நன்கொடையும் பை விற்ற காசும்தான். அந்தக் காசில்தான் காப்புறுதி கட்டுகிறோம், கணக்காளருக்குக் கொடுக்கிறோம், மண்டபத்தின் சாவியையும் வாங்குகிறோம்.

இனி அந்த ஒருங்கிணைப்பாளர். 8,112 பவுண்ட் நிர்வாகச் செலவா என்று பலர் புருவத்தை உயர்த்துகிறார்கள். போன குளிர்காலத்தில் இரண்டு வாரம் வராத அம்மா ஒருவருக்கு அவள் மூன்று தரம் போன் எடுத்தாள். பதில் இல்லை. வகுப்பு முடிந்ததும் பஸ் ஏறிப் போய்க் கதவைத் தட்டினாள். ஹீட்டர் போடாமல், இரண்டு கம்பளிச் சட்டையும் அதற்கு மேல் ஒரு போர்வையும் சுற்றிக்கொண்டு, எரிவாயுக் கட்டணத் தாளை மடியில் வைத்தபடி அந்த அம்மா இருந்தார். தாளில் உள்ள தொகை அவ்வளவு பெரிதில்லை. ஆங்கிலத்தில் சிவப்பு எழுத்தில் இருந்ததால் பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கிறார். ஒருங்கிணைப்பாளர் அங்கேயே இருந்து அந்த நிறுவனத்தோடு முக்கால் மணி நேரம் பேசி, மாதத் தவணையாக மாற்றிக் கொடுத்துவிட்டு, ஹீட்டரைப் போட்டு, தேநீர் வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள். விண்ணப்பப் படிவத்தில் இந்த வேலைக்குப் பெட்டி கிடையாது. 'நிர்வாகம்' என்ற ஒரு சொல்லுக்குள் அது போய்விடுகிறது.

கணக்கில் வராத இன்னொரு பக்கம் எங்கள் கொப்பியில் இருக்கிறது. சமைக்கிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள், கதிரை அடுக்குகிறவர்கள், மொழிபெயர்க்கிறவர்கள், என்னைப் போல இரவில் கணக்கெழுதுகிறவர்கள் எல்லாரும் வந்த நேரமும் போன நேரமும் எழுதிக் கையெழுத்து வைக்கிறோம். அந்த வருடத்தில் 11 பேர், மொத்தம் 1,640 மணி நேரம். சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் அப்போது மணிக்கு 11.44 பவுண்ட். அதைக் கொண்டு பெருக்கினால் 18,761 பவுண்ட் வருகிறது. எங்கள் முழு வருட வரவுக்குக் கிட்ட நிற்கும் தொகை இது. வரவுப் பக்கத்திலும் இல்லை, செலவுப் பக்கத்திலும் இல்லை. வீட்டில் அம்மா செய்கிற வேலையை யாரும் கணக்கெழுதாதது மாதிரித்தான். இவர்களில் யாரும் ஊதியம் கேட்கவில்லை. ஆனால் இத்தனை மணி நேரத்தை அள்ளிக் கொடுக்கிற பெண்களிடம் கூட்டத்துக்குக் கூட்டம் "காசை என்ன செய்கிறீர்கள்" என்று மட்டும் கேட்கும்போது மனம் நோகிறது.

ஒரு வியாழக்கிழமை நடந்ததையும் சொல்ல வேண்டும். மதியம் மண்டபத்தைக் கூட்டித் துடைத்த பிறகு, ஊதா நிறக் குவாலிட்டி ஸ்ட்ரீட் டின்னைத் திறந்து சில்லறையை எண்ணுவோம். இரண்டு பேர் எண்ண வேண்டும், இரண்டு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றுதானே நம்மை வளர்த்தார்கள். அன்று தையல் வகுப்பில் பழகிய ஓர் அக்காவுக்கு முதல்முதலாகக் கூலி கொடுத்தோம். பை தைத்த கூலி, 36 பவுண்ட். இந்த நாட்டுக்கு வந்து 19 வருடம். தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இல்லை. நான் பற்றுச்சீட்டில் அவர் பெயரை எழுதிக் கையெழுத்து வாங்கி, பிரதியைக் கிழித்துக் கொடுத்தேன். காசை எண்ணாமலே பைக்குள் போட்டார். பற்றுச்சீட்டைத்தான் பெயர் எழுதிய பக்கம் வெளியே தெரியும்படி மடித்து, பர்ஸில் பிள்ளைகளின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அடுத்த மாதம் வங்கிக் கணக்குத் திறக்க அவரோடு கூடப் போனதும் அந்த ஒருங்கிணைப்பாளர்தான்.

பெண்களின் அமைப்புகளுக்குக் காசு குறைவாகவே வருகிறது என்பது எங்கள் ஊகம் மட்டும் இல்லை. ரோசா என்ற பெண்களுக்கான நிதியம் 2023 இல் வெளியிட்ட ஆய்வில், 2021 இல் பிரித்தானியத் தொண்டு நிறுவனங்களுக்குப் போன உதவித்தொகையில் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் என்று இயங்கும் வேலைகளுக்குக் கிடைத்தது 1.8 சதவீதம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அது தொண்டு நிறுவனங்களின் கணக்கு. எங்களைப் போன்ற சி.ஐ.சி.கள் விண்ணப்பிக்கவே முடியாத அறக்கட்டளைகள் நிறைய. பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்துக்கு மட்டும் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுவார்கள்.

அதனால்தான் உங்களிடம் வருகிறேன். நம் ஆட்கள் கொடுக்கத் தெரியாதவர்கள் இல்லை. இந்த நகரத்தில் ஒரு தேர்த் திருவிழாவுக்குச் சேர்கிற அன்னதானத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். நம் அம்மம்மாக்கள் உலையில் அரிசி போடும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டார்கள். அந்தப் பிடியரிசி விற்ற காசு கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனது. யாரும் அந்தப் பானையில் பெயர் வெட்டவில்லை. இங்கே வந்த பிறகு கொடுக்கிற கை பெரிதாகிவிட்டது, ஆனால் கண்ணுக்குத் தெரிகிற பொருளுக்கே கொடுக்கப் பழகிவிட்டோம். போன வருடம் இரண்டு பேர் எங்களுக்குத் தையல் மெஷின் வாங்கித் தர வந்தார்கள். நல்ல மனது. ஆனால் இருக்கிற ஐந்தையே வகுப்பு முடிந்ததும் காரில் ஏற்றிக்கொண்டுபோய் ஒருவர் வீட்டு அறையில் வைக்கிறோம், ஏனென்றால் மண்டபத்தில் வைக்க இடமில்லை. "மெஷினுக்குப் பதிலாக இரண்டு மாத வாடகை தாருங்கள்" என்று கேட்டோம். வாடகையை எப்படிப் படம் எடுப்பது என்று ஒருவர் உண்மையிலேயே கேட்டார். மற்றவர் யோசித்துச் சொல்கிறேன் என்று போனார், பிறகு வரவில்லை.

கோயில் அறங்காவலர்களே, உங்களில் பலரிடம் மண்டபம் இருக்கிறது. சனி ஞாயிறு அங்கே கால் வைக்க இடம் இருக்காது, தெரியும். செவ்வாய், வியாழன் காலை பத்திலிருந்து ஒரு மணி வரை அது பூட்டித்தான் கிடக்கிறது. அந்த ஆறு மணி நேரத்தை எங்களுக்குத் தந்தால் 5,760 பவுண்ட் மிச்சம். எங்கள் செலவில் நாலில் ஒரு பங்குக்கும் மேல். எல்லா மதத்துப் பெண்களும் வருவார்கள். அதற்கு நீங்கள் சம்மதிக்க வேண்டும். சைவச் சாப்பாடு மட்டும்தான் சமைக்க வேண்டும் என்றால் நாங்கள் சம்மதிக்கிறோம். மெஷின்களை வைக்க ஒரு அலுமாரி தந்தால் அந்தப் புண்ணியம் தனி.

மண்டபம் தர வழி இல்லாதவர்கள் வாடகையைத் தாங்குங்கள். மாதம் 480 பவுண்ட். 24 குடும்பம் மாதம் 20 பவுண்ட் வங்கி நிலையுத்தரவாக (ஸ்டாண்டிங் ஓடர்) போட்டால் முடிந்தது. ஒரு ஊர் ஒன்றியத்தின் வருடாந்த இராப்போசனத்தில் மூன்று மேசைக்காரர் சேர்ந்தால் 24 குடும்பம் வந்துவிடும். எனக்கு ஒரேயடியாக ஆயிரம் பவுண்ட் காசோலையைவிட அந்த 20 பவுண்ட் பெரிது. மார்ச் முடிவில் அடுத்த வருடத்துக்கு மண்டபத்தை உறுதிசெய்யும்போது எந்தத் துணிச்சலில் கையெழுத்து வைப்பது என்று ஒவ்வொரு வருடமும் நெஞ்சு அடிக்கிறது. மாதாமாதம் வரும் என்று தெரிந்தால் அந்தக் கையெழுத்து நடுங்காது.

பழைய மாணவர் சங்கத்தாரிடம் கேட்பது வேறு. உங்களுக்குள் சிமாவும் ஏசிசிஏயும் முடித்த கணக்காளர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். எங்கள் அளவு நிறுவனத்துக்கு வெளியாள் கணக்காய்வு கட்டாயம் இல்லை. ஆனால் எங்களுக்கு அது வேண்டும். வருடத்தில் ஒரு சனிக்கிழமை வந்து, புத்தகத்தையும் வங்கிக் கூற்றையும் பற்றுச்சீட்டுகளையும் ஒத்துப் பார்த்து, சரி என்றால் சரி, பிழை என்றால் பிழை என்று கையெழுத்திட்டுத் தாருங்கள். அனுபவத்தில் சொல்கிறேன். 2022 டிசம்பர் 31 க்குள் போக வேண்டிய கணக்கை நான் நேரத்துக்குத் தபாலில் அனுப்பினேன், ஆனால் கூட வைக்க வேண்டிய சி.ஐ.சி. 34 அறிக்கையை வைக்கவில்லை. அது தனியாகப் போக வேண்டியது என்று நினைத்துவிட்டேன். முழுக்கட்டும் ஜனவரியில் திரும்பி வந்தது. அதற்குள் தவணை கடந்துவிட்டிருந்தது. தண்டம் 150 பவுண்ட். பெண்கள் போட்ட இரண்டு பவுண்ட் காசில் அதைக் கட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. மூன்று இயக்குநர்களும் ஆளுக்கு 50 பவுண்ட் கையிலிருந்து போட்டோம். தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு போன் பேச்சில் தீர்ந்திருக்கும். இப்படிச் சின்னச் சின்னப் பெண்கள் அமைப்புகள் ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் எத்தனையோ இருக்கும். எங்களோடு சேர்த்து அவர்களையும் பாருங்கள்.

கட்டணங்களும் ஏறிக்கொண்டே போகின்றன. எங்கள் விவரங்கள் சரிதான் என்று வருடாவருடம் கம்பனிஸ் ஹவுஸுக்கு அனுப்பும் உறுதிப்பாட்டுக் கூற்றுக்கு இணையத்தில் 13 பவுண்டாக இருந்த கட்டணம் 2024 மே மாதம் 34 ஆனது. சி.ஐ.சி. அறிக்கைக்கு 15. பெரிய கடைக்கு இது ஒன்றும் இல்லை. எங்களுக்கு அது ஒரு நாள் சாப்பாட்டுக்கான மரக்கறிக் காசு. ஊதியமும் ஏறுகிறது, 2025 ஏப்ரலில் குறைந்தபட்சம் 12.21 ஆகிவிட்டது. அது ஏறத்தான் வேண்டும். எங்கள் ஒருங்கிணைப்பாளரும் வாடகை வீட்டில்தான் இருக்கிறாள். அவளுக்கு மணிக்கு ஒரு பவுண்ட் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டு ஆறு மாதமாகிறது. இன்னும் காசு இல்லை.

கொடுப்பதற்கு முன் எங்களைச் சோதித்துப் பாருங்கள். பொதுப் பதிவில் இருப்பது, இல்லாதது எல்லாவற்றையும் தமிழில் அச்சடித்து ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். எந்த வியாழக்கிழமை வேண்டுமானாலும் பத்து மணிக்குப் பிறகு வரலாம், சொல்லிவிட்டு வர வேண்டும் என்றுகூட இல்லை. தையல் மெஷின்களுக்குப் பக்கத்து மேசையில் கோப்பும் டின்னும் இருக்கும், நானும் இருப்பேன். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. அன்று தேநீர் தந்த அண்ணாவும் கட்டாயம் வர வேண்டும். அந்த 6,500 வரியை விரல் வைத்துக் காட்டுகிறேன், அந்தக் காசில் படிக்கிற பெண்கள் அதே மேசையைச் சுற்றித்தான் இருப்பார்கள்.

அன்புடன்,
கணக்குப் பார்க்கும் இயக்குநர்,
வடமேற்கு லண்டன்